பிறர் பொருட்டுப் பேசுதல்

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்தவள். தாயார் கொழுந்து பறிப்பவர். இப்பொழுது பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கலைப்பீடத்தில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். "சேர், எங்கள் துறையில் மாணவர் பிரதிநிதியைத் தெரிவு செய்யப் போகிறார்கள். தோழிகள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். லயத்துப் பிள்ளைக்கு யார் சேர் வாக்களிப்பார்கள்?" என்றாள். அன்று அவளுக்குக் கூறிய விடையையே இன்று நேயர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

மாணவர் பல்கலைக்கழக அலுவல்களில் வாய்திறப்பது புதிய வழக்கம் அன்று. இத்தாலி நாட்டிலே பொலோஞ்ஞா நகரத்துப் பழம்பெரும் பல்கலைக்கழகத்தில், இடைக்காலத்தில் மாணவரே கூடித் தம் தலைவரைத் தெரிந்தெடுத்தனர். காலந்தாழ்த்தி வந்த ஆசிரியர் தண்டம் செலுத்த நேர்ந்தது. நம் நாட்டில் அத்துணை அதிகாரம் மாணவர்க்கு இல்லை. ஆயினும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம், ஒவ்வொரு பீடச் சபையிலும் மாணவர் தெரிவு செய்யும் இருவருக்கு இடமளித்துள்ளது. துறைப் பிரதிநிதி அதனினும் சிறிய படியில் நிற்பவர். எனினும் அன்றாடக் குறைகள் முளைப்பது துறையிலேதான். இரு பாடங்களின் நேரம் ஒன்றோடொன்று மோதுகின்றது. நூலகத்தில் ஒரே படியை நாற்பது பேர் தேடுகின்றனர். இவற்றைத் திரட்டித் துறைத் தலைவரிடம் உரைப்பதும், அவர் கூறும் விடையை மாணவரிடம் மீட்டுக் கொணர்வதுமே பிரதிநிதியின் பணி. இரண்டாவதை மறப்பவர் பலர்.

தோட்டத்து மக்களுக்கு இது அறியாத பணியா? கொழுந்து நிறுக்கையில் கழிவு மிகுதியாக வெட்டப்பட்டால், தோட்டத் தலைவர் துரையின் அலுவலகத்துக்குப் போவார். தக்க தலைவர் வெறுங்கையோடு போகமாட்டார். எத்தனை பேருக்கு, எந்த நாட்களில், எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்டறிந்த பின்னரே படியேறுவார். தம் சொந்தக் குறையை அங்கே பேசவும் மாட்டார். இந்த ஒழுங்கைக் கண்டு வளர்ந்த பிள்ளை எதற்கு அஞ்சவேண்டும்?

ஆகவே அவளுக்குச் சொன்னேன்: "வாக்குக் கேட்குமுன் குறை கேள். ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள். துறையாற் செய்யக்கூடியதை மட்டும் வாக்களி. தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக வாக்குக் கேளாதே. தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக விலகியும் நில்லாதே."

இன்னொன்றும் நினைவூட்டினேன். 1947ஆம் ஆண்டிலே, தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத்தாரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1977இலேதான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராக சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. வாக்குச் சீட்டு இன்றி வாழ்ந்து மறைந்தோருள் அவளுடைய பூட்டனாரும் ஒருவர். அவர் வழியிற் பிறந்தவள், கேட்பார் இருக்கும் அவையிற் பேசத் தயங்கலாமா?

அவள் நின்றாள். சில வாக்குகளால் தோற்றாள். ஆனால் அவளுடைய குறிப்பேட்டில், தமிழிலே உயர்தரம் கற்று வந்த மாணவர், ஆங்கில விரிவுரைகளைப் பின்தொடர இயலாமல் இடர்ப்படுவது ஆள்தொகையோடு எழுதப்பட்டிருந்தது. விரிவுரைக் குறிப்பு முதல்நாளே கிடைத்தால் அகராதியோடு படித்துச் செல்லலாம் என்பது அவர்கள் வேண்டுகோள். வென்ற மாணவர் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கித் துறைத் தலைவரிடம் கொண்டு சென்றாராம். அவளையும் உடன் அழைத்தாராம்.

"தோற்றுவிட்டேன் சேர்" என்றே அவள் கடிதம் தொடங்குகிறது. குறிப்புகள் இப்பொழுது முதல்நாளே கிடைக்கின்றன என்ற செய்தி இறுதி வரியில் இருக்கிறது. அதனை முதல் வரியாக எழுதியிருக்கலாம் என்று பதில் எழுதினேன்.