வாளின் பிடி விட்டுச்செல்லும் கறை

மேடை நாடகத்தில் வாள் பிடித்த தோழியர் எல்லோருக்கும் இது தெரிந்த விடயம். ஒத்திகை முடிந்து வாளைக் கீழே வைத்தால் உள்ளங்கையில் சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ ஏதோ பூசியிருக்கும். சிலரின் கையில் அது பச்சையாக இருக்கும். அந்தக் கையை வெள்ளைச் சீருடையில் துடைத்துவிட்டால் வீட்டில் உம்மாவிடம் ஏச்சு நிச்சயம். "வாளில் இருந்த ஊத்தை" என்று சொல்லி நாம் அதை மறந்துவிடுகிறோம். உண்மையில் அது வாளில் ஒட்டியிருந்த ஊத்தை அல்ல, பெரும்பாலும் வாளின் ஒரு பகுதியேதான். அது எந்த உலோகம், ஏன் கையோடு வருகிறது, அந்தக் கையோடு சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுவதே இக்கட்டுரை.

இவ்வருடம் எமது வகுப்பு மாணவியர் கிரனடாவின் இறுதி நாட்களை நாடகமாக்கினோம். அதற்காக நான்கு மாதிரி வாள்கள் சேர்ந்தன. எதிலும் கூர் இல்லை. இரண்டு வாள்கள் சுவரில் மாட்டும் அலங்கார வாள்கள்; தங்க நிறப் பிடியும் பூவேலைப்பாடும் கொண்டவை. மூன்றாவது வாளின் பிடியை லேத் பட்டறை ஒன்றில் அலுமினியத்தில் கடைந்து தந்தார்கள். நான்காவது வாளுக்குப் பழைய பித்தளைப் பிடி. ஒவ்வொரு பிடியையும் ஈரமில்லாத வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்த்துப் பார்த்தோம். அலுமினியப் பிடி துணியைக் கறுப்பாக்கியது. பித்தளைப் பிடி பழுப்பும் பச்சையும் கலந்த கறையைத் தந்தது. அலங்கார வாள்களில் ஒன்று கறையே தரவில்லை. மற்றையதில் தங்க நிறம் தேய்ந்திருந்த இடத்திலிருந்து மாத்திரம் வெளிறிய சாம்பல் தூள் வந்தது. கறையின் நிறமும் அளவும் உலோகத்துக்கு உலோகம் வேறுபடுகின்றன.

உலோகம் கைக்கு வருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது உராய்வு. அலுமினியமும் நாகமும் ஈயமும் மென்மையான உலோகங்கள். அவற்றைத் தேய்க்கும்போது மிக நுண்ணிய துணிக்கைகள் கழன்று வருகின்றன. பென்சில் தாளில் எழுதுவதும் ஏறத்தாழ இவ்வாறுதான். பழைய காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் வெள்ளிக் கம்பியையே பென்சிலாகப் பிடித்து, பூச்சிட்ட தாளில் படம் வரைந்தார்கள்.

அலுமினியம் பளபளக்கும் உலோகமாயிற்றே, கறை மட்டும் ஏன் கறுப்பு என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புவதால் பளபளக்கிறது. அதே உலோகம் தூளாகி, தோலின் எண்ணெயோடு குழைந்துவிட்டால் ஒளி அந்தத் துணிக்கைகளுக்கு இடையில் சிதறிச் சிக்கிக்கொள்கிறது. நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அலுமினியத்தின் மேல் எப்போதும் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படை ஒன்று இருக்கும். இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல்லும் இதே அலுமினியம் ஒட்சைட்டின் பளிங்கு வடிவம்தான். அந்தப் படை கடினமானது, ஆனால் அதற்குக் கீழே இருக்கும் உலோகம் மென்மையானது. அழுத்தித் தேய்க்கும்போது படை உடைகிறது. உடைந்த இடத்தில் உடனே புதிய படை உருவாகிறது. அதனால்தான் அலுமினியப் பிடியை எத்தனை முறை துடைத்தாலும் துணி மீண்டும் மீண்டும் கறுக்கிறது.

இரண்டாவது வழி இரசாயனத் தாக்கம். வியர்வை வெறும் தண்ணீர் அல்ல. அதில் சோடியம் குளோரைட்டு, இலற்றிக் அமிலம், யூரியா, அமினோ அமிலங்கள் என்பன உண்டு. பொதுவாக அது சற்று அமிலத்தன்மையானது. பித்தளை என்பது செப்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். வியர்வையிலுள்ள குளோரைட்டு அயன்களும் அமிலமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து பித்தளையிலுள்ள செப்பை மெல்ல அரித்து, பச்சை நிறச் சேர்வைகளாக மாற்றுகின்றன. மலிவான கவரிங் மோதிரம் விரலைச் சுற்றிப் பச்சை வளையம் போடுவதற்கும் இதுவே காரணம். ஒவ்வொருவரின் வியர்வையும் ஒரே மாதிரி இல்லை. ஒரே வாளைப் பிடித்த இருவரில் ஒருத்தியின் கை பச்சையாகவும் மற்றவளின் கை சுத்தமாகவும் இருந்ததில் மாயம் எதுவுமில்லை.

அலங்கார வாள்களின் கதை வேறு. அவற்றின் பிடிகள் பெரும்பாலும் நாகக் கலப்புலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தவை. இவ்வகைக் கலப்புலோகம் ஒன்றுக்கு "சாமாக்" என்று பெயர். நாகம், அலுமினியம், மக்னீசியம், செப்பு ஆகியவற்றின் ஜேர்மன் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. வார்த்த பிடிக்கு மேலே செப்பு, நிக்கல், தங்க நிறம் என்று மெல்லிய மின்முலாம் பூசப்படும். முலாம் முழுமையாக இருக்கும்வரை கையில் எதுவும் ஒட்டாது. ஓரிடத்தில் தேய்ந்தால் உள்ளே இருக்கும் நாகம் வெளியே தெரியும். தொழிற்பாட்டுத் தொடரில் நாகம் நிக்கலுக்கும் செப்புக்கும் மேலே இருக்கிறது. ஆகவே வியர்வை பட்டதும் அரிபடுவது நாகம்தான். கூரைத் தகட்டில் இரும்புக்கு மேலே பூசப்பட்ட நாகம், தான் அழிந்து இரும்பைக் காப்பாற்றுகிறது என்று சாதாரண தரத்தில் படித்தோம். இங்கே நாகம் உள்ளே, முலாம் வெளியே. எனவே அழிவது வாளின் உடம்புதான்.

புத்தம்புதிய வாள் கறுப்பாக ஒட்டினால் வேறு காரணமும் இருக்கலாம். வாள் பழமையானதாகத் தோன்றுவதற்காகப் பூவேலைப்பாட்டின் பள்ளங்களில் கறுப்புச் சாயம் தடவுவார்கள். மினுக்கும்போது பயன்படுத்திய பசையும் அங்கே தங்கியிருக்கும். சவர்க்காரமும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு ஒரு தடவை கழுவினால் இந்த வகைக் கறை பெரும்பாலும் நின்றுவிடும்.

வாளைப் பிடித்த கையில் வரும் மணத்தையும் நாம் "இரும்பு மணம்" என்கிறோம். 2006ஆம் ஆண்டு டீட்மர் கிளின்டமன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். மணப்பது இரும்பு அல்ல என்று அவர்கள் கண்டார்கள். வியர்வையில் கரைந்த இரும்பு அயன்கள் நமது தோலின் கொழுப்புப் பொருட்களோடு தாக்கம் புரிகின்றன. அப்போது காளான் மணம் கொண்ட ஒரு கீற்றோன் உட்பட மணமுள்ள சில பொருட்கள் உருவாகின்றன. இரும்பு மணம் என்பது உண்மையில் நமது தோலின் மணம்.

கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடக்கிறது. உலோகம் கைக்கு வருவதுபோல் கையின் உப்பும் உலோகத்தைத் தின்கிறது. பிரித்தானியாவின் நோர்த்தாம்ப்டன்ஷயர் பொலிஸைச் சேர்ந்த விஞ்ஞானி ஜோன் பொண்ட் 2008இல் இதைக் குற்றப் புலனாய்வுக்குப் பயன்படுத்தினார். பித்தளை வெடியுறையில் பட்ட விரலடையாளத்தைத் துடைத்துவிட்டாலும், வியர்வை உலோகத்தை அரித்த தடம் எஞ்சியிருக்கிறது. அதிலிருந்து அடையாளத்தை மீண்டும் வெளிக்கொணரலாம் என்று அவர் காட்டினார். நூதனசாலைகளில் பழைய உலோகப் பொருட்களைக் கையுறை அணிந்து தொடுவதும் இதனால்தான்.

இனி முக்கியமான கேள்வி: இந்தக் கறை தீங்கானதா? அலுமினியத் தூளும் பித்தளைப் பச்சையும் தோலில் சிறிது நேரம் இருப்பதால் சாதாரணமாகப் பாதிப்பில்லை. ஆனால் இரண்டு உலோகங்கள் விடயத்தில் கவனம் வேண்டும். ஒன்று நிக்கல். சிலருக்கு அது தோலில் சொறியையும் சிவப்பையும் உண்டாக்கும். நகைகளிலிருந்து வெளியேறும் நிக்கலைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே சட்டம் கொண்டுவந்தது. தோடு அணிந்து காது புண்ணானவர்கள் முலாம் பூசிய பிடியை வெறும் கையால் பிடிக்காதிருப்பது நல்லது.

மற்றையது ஈயம். கடைவதற்கு இலகுவாக இருக்கும் என்பதால் பல பித்தளை வகைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குவரை ஈயம் சேர்க்கிறார்கள். மலிவான வார்ப்புப் பொருட்கள் சிலவற்றிலும் ஈயம் உண்டு. அது தோலினூடாக எளிதில் உடம்புக்குள் போகாது. வாய் வழியாகவே போகிறது. உடலுக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று அறியப்பட்ட ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது அதிகம் பாதிக்கும். செப்பைப் பச்சை காட்டிக்கொடுக்கும். பித்தளைக் கறையோடு வரும் ஈயத்தைக் காட்டிக்கொடுக்க எந்த நிறமும் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கவும் முடியாது.

நாம் கரண்டியால் அல்ல, கையால் சாப்பிடுபவர்கள். ஒத்திகைக்கு நடுவே இடைவேளை மணி அடித்ததும் அதே விரல்களால்தான் சோறு பிசைகிறோம். வீட்டுக்குப் போய் அதே கையால் தம்பி தங்கைக்கு ஊட்டியும் விடுகிறோம். ஆகவே வாளை வைத்ததும் சவர்க்காரம் போட்டு, நகக்கண்களையும் தேய்த்துக் கழுவ வேண்டும். துணிக்கைகள் தோலின் எண்ணெயில் ஒட்டியிருப்பதால் வெறும் தண்ணீர் போதாது. வுழூவுக்கும் இதைக் கவனிக்கலாம். தண்ணீர் தோலைச் சேர்வதைத் தடுக்கும் எதையும் முதலில் நீக்க வேண்டும், மருதோன்றி போன்ற வெறும் நிறம் தடையாகாது என்று நாம் படித்திருக்கிறோம். சவர்க்காரம் போட்டால் படிந்திருக்கும் பூச்சு போய்விடும். மங்கிய பச்சை நிறம் எஞ்சிச் சந்தேகம் வந்தால் மௌலவியாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கறை வராமலே செய்யவும் வழியுண்டு. கிரனடாவின் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ்வுடையது எனக் கொள்ளப்படும் வாள் ஸ்பெயினின் இராணுவ நூதனசாலையில் இருக்கிறது. அதன் கைப்பிடி யானைத் தந்தம். உலகின் பல பகுதிகளில் வாள் செய்தவர்கள் கை பிடிக்கும் இடத்துக்கு மரம், கொம்பு, தோல் போன்றவற்றையே தேர்ந்தெடுத்தார்கள். இவை வியர்வையில் வழுக்குவது குறைவு. கையில் உலோகக் கறையும் ஏற்படாது. நமக்குத் தந்தம் வேண்டாம். பட்மின்டன் மட்டையின் பிடியில் சுற்றும் நாடா போதும். நாங்கள் நான்கு பிடிகளையும் நன்றாகக் கழுவி உலர்த்தி, அந்த நாடாவைச் சுற்றினோம். மேடையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தோல் சுற்றிய பிடியாகவே தெரிந்தது.

பித்தளையைப் புளியாலோ தேசிக்காயாலோ தேய்த்தால் பளபளக்கும். பின்னர் நன்றாகக் கழுவித் துடைத்து, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுக்க வேண்டும். முலாம் பூசிய வாளுக்குப் புளி கூடாது, எஞ்சிய முலாமும் போய்விடும். பாவித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து வைத்தால் அடுத்த வருடத் தங்கையருக்கும் வாள் மிஞ்சும். வாளைத் துடைக்கும் துணியைத் தனியாக வையுங்கள். அது கைதுடைக்கும் துணியாக மாறிவிடக் கூடாது.