சாப்பாடு, மனசு, கைப்பேசி: மூன்றுக்கும் உள்ள தொடர்பு



காலை ஏழரை மணிக்கு முதல் பாடம். பின்வரிசையில் ஒரு மாணவன் மேசை மேல் தலை சாய்த்துக் கிடக்கிறான். "ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்கின?" என்று கேட்டால், "ரெண்டு மணி, டீச்சர்." "காலையில சாப்பிட்டியா?" "இல்ல டீச்சர், பசிக்கல." இப்படி ஒருவனை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், அவன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போமே.

நம் மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால், உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதற்கு வேளாவேளைக்கு உணவு வேண்டும், தூக்கமும் வேண்டும்.

இரவில் இணையத்தில் மூழ்கினால் முதலில் குறைவது தூக்கம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. அதனால்தான் நள்ளிரவில் கை தானாக மேகி பாக்கெட்டைத் தேடுகிறது. நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டால் காலையில் பசிக்காது. பிறகு ஓய்வு நேரத்தில் ஓர் இனிப்புப் பானம். சர்க்கரை வேகமாக ஏறி, வேகமாக இறங்கும். கூடவே சோர்வு, எரிச்சல். பாடம் ஏறாது, மனம் வாடும். அந்த வாட்டத்தை மறக்க மறுபடியும் கைப்பேசி! இது ஒரு வட்டம்.

'சாப்பாட்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. 12 வாரம் காய்கறி, பழம், பருப்பு, மீன் என உணவைச் சீர்படுத்திக்கொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நீங்கியது. உரையாடல் துணை மட்டும் பெற்றவர்களில் அது 8 விழுக்காடுதான். சிறிய ஆய்வுதான்; உணவு மருந்துக்கு மாற்று என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், உணவு ஒரு துணை என்பது தெரிகிறது.

சரி, இந்த வட்டத்தை எங்கே அறுப்பது?

1. காலையில் ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு முட்டையும் ரொட்டியும் போதும். தோசையும் சாம்பாரும் என்றால் இன்னும் நல்லது.

2. 'சுக்கு சுக்கு செபாரு' தெரியும்தானே? கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், முட்டை அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறி, பழம்.

3. இரவில் தே தாரிக், காப்பி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குக் குடித்தால் ஒரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்.

4. சாப்பிடும்போது திரையைப் பார்க்காதீர்கள். வயிறு நிறைந்ததே தெரியாது.

5. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள்.

எஸ்.பி.எம். மாணவர்களே, இணையத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது 'நன்மை, தீமை' என்று பட்டியல் போடுவதோடு நிறுத்தாதீர்கள். மேலே உள்ளதுபோல் ஒரு காரணம் எப்படி அடுத்த விளைவுக்கு இட்டுச் செல்கிறது என்று காட்டுங்கள். கருத்து வலுப்பெறும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை வாடியே இருந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், நண்பர்களை விட்டு விலகினால், அது தூக்கக் குறைவாக மட்டும் இருக்காது. ஆலோசனை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

நாளைக் காலை அந்தப் பின்வரிசை மாணவனிடம் "ஏன் தூங்குற?" என்று கேட்பதற்கு முன், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் பேச ஆரம்பிக்கக்கூடும்.