முட்டைகோஸைப் பயந்து ஒதுக்க வேண்டாம்

"முட்டைகோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதை நம்பி கோஸ் வாங்குவதையே நிறுத்திவிட்ட வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. செய்தியில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால், அதை விளக்கிச் சொல்வது நல்லது என்று நினைக்கிறோம்.

கோஸ் இலையைத் தின்னும் பச்சைப் புழு வேறு, மூளையைப் பாதிப்பது வேறு. பச்சைப் புழு பிறகு பூச்சியாகிப் பறந்துவிடும். அதனால் நமக்கு நோய் வராது. மூளைக்குப் போவது பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வரும் குஞ்சு. முட்டை கண்ணுக்குத் தெரியாது.

'நாம்தான் பன்றி இறைச்சியைத் தொடுவதே இல்லையே?' என்று கேட்பீர்கள். சரியாக வேகாத அந்த இறைச்சியைத் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் அவருடைய மலத்தில் வெளியேறுகின்றன. சாக்கடை நீர் பாய்ந்த காய்கறி வழியாகவோ, கழிப்பறை போய்விட்டுக் கை கழுவாதவர் தொட்ட உணவு வழியாகவோ அவை யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கே பொரிக்கும் குஞ்சு இரத்தத்தோடு மூளைக்குப் போய்த் தங்கினால் வலிப்பு வரும். பன்றி இறைச்சியே உண்ணாத யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு நியூயார்க்கில் இந்நோய் வந்ததை 1992-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது.

ஆகவே குற்றம் கோஸுடையதல்ல. கொத்தமல்லி, கேரட் எதிலும் இந்த முட்டை ஒட்டியிருக்கலாம். கோஸுக்கு அடுக்கடுக்காக இலை இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். வெளி இலைகள் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு, மற்றதை இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் பச்சைப் புழு வெளியே வரும். நாடாப்புழு முட்டை சாகும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதற்கு வேகவைப்பதே வழி. ஃபாஸ்ட்ஃபுட் கடைகளில் மேலே தூவித் தரும் பச்சைக் கோஸைப் பிள்ளைகளுக்குத் தவிர்ப்பது உத்தமம்.

பயந்து ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். பறிக்கப்பட்ட பிறகும் நாள்கணக்கில் கெடாத காய் இது. 100 கிராம் பச்சைக் கோஸில் சுமார் 35 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. 1768-ல் கடற்பயணம் புறப்பட்ட கேப்டன் குக், பல் ஈறு அழுகும் ஸ்கர்வி நோய்க்குத் தடுப்பாக உப்பிலிட்டுப் புளிக்கவைத்த கோஸைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். ஜெர்மானியர்கள் இன்றும் அதை உண்கிறார்கள். கொரியாவில் சீனக் கோஸில் மிளகாய், பூண்டு சேர்த்துக் கிம்ச்சி போடுகிறார்கள். குளிர்காலத்துக்காகக் கூடி அதைச் செய்யும் வழக்கம் 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் 'மல்ஃபூஃப்' சாப்பிட்டிருக்கலாம். சிரியா, லெபனான் பக்கத்து உணவு. வெந்நீரில் வாட்டிய கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டி, எலுமிச்சை பிழிந்து வேகவைப்பார்கள்.

நம் வீடுகளில் பிள்ளைகள் கோஸைத் தள்ளி வைக்கக் காரணம் அதன் வாடை. குக்கரில் குழைய வேகவிட்டால் அதிலுள்ள கந்தகச் சத்து பிரிந்து நாறும், வைட்டமினும் வீணாகும். பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து மூடி, சுருண்டு வெந்ததும் இறக்கிவிடுங்கள். கொத்துக்கறியோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் கறிச் செலவும் குறையும். நோன்பு நாளில் சமோசாவுக்குள் வைப்பதானால், வதக்கிய கோஸை நன்றாக ஆறவிட்டுப் பிழிந்த பிறகே மடியுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும்.