உதகையும் கோடை விருந்தினரும்

சென்ற ஆண்டுகளில் ஒரு மே மாதம் உதகமண்டலத்தில் நான்கு நாள் தங்கியிருந்தேன். தங்கியது விடுதியில் அன்று. விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடப்படும் ஒரு வீட்டின் மாடியில். முதல் நாள் காலை, வெந்நீரில் சுகமாகக் குளித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். தண்ணீர் லாரி ஒன்று வாசலில் நின்று எங்கள் மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மையாரோ இரண்டு குடங்களுடன் தெருக்குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். விலை கொடுத்து வாங்கிய நீர் எங்களுக்கு. வந்தால் வரும் குழாய் நீர் அவருக்கு! மழை கொட்டும் மலையில் இந்த நிலை ஏன் என்னும் வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

மாணவ நேயர்களே, முதலில் குளிர்ச்சியின் கணக்கைப் பார்ப்போம். உயரே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை பாகை வீதம் வெப்பம் குறைகிறது. கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே பன்னிரண்டு பாகை வரை வேறுபாடு உண்டாகிறது. இக்குளிர்ச்சியை நாடித்தான் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். அதற்கு நெடுங்காலம் முன்பே தோடரும் கோத்தரும் படகரும் அங்கே வாழ்ந்து வந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. 1822இல் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. பின்னர் உதகை, சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராயிற்று. 1908இல் மலை ரயிலும் உதகையை எட்டியது. ஒரு சிலர் ஓய்வெடுக்க ஏற்பட்ட ஊருக்கு நாடெங்கிலும் இருந்து மக்கள் வரலாயினர். வந்தது தவறா? குளிர்ந்த காற்று அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று!

ஆனால், காற்றைப் போன்றதன்று தண்ணீர். என் ஐயத்தை அந்த அம்மையாரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "ஜூன் மாசம் மழை வந்துடும் சார். அப்போ தண்ணி இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். விஷயம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில் பெய்கிறது. பிறகு வறண்ட மாதங்கள். பார்சன்ஸ் பள்ளத்தாக்கு முதலிய நீர்த்தேக்கங்களில் நீர் இறங்கிப்போன வேளையில், ஏப்ரலிலும் மே மாதத்திலும், விருந்தினர் திரண்டு வருகின்றனர்.

சரிவில் விழும் மழை நிற்காமல் ஓடிவிடும். அதைப் பிடித்துவைப்பவை மலையின் புல்வெளிகளும் சோலைக் காடுகளும். பஞ்சு நீரை உறிஞ்சுவது போல் அவற்றின் மண் மழையை உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகிறது. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் தருவதும் இந்த ஏற்பாடே. அப்புல்வெளிகளில் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கித் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் தேயிலைக்கும் இடம் கொடுத்துவிட்டது. சல்லிவன் ஓடையைத் தடுத்து அமைத்த ஏரியும் சுருங்கியது. அதன் ஒரு பகுதி பின்னர் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் ஆயிற்று. எஞ்சிய ஏரியில் நகரின் கழிவுநீர் கலந்தது. படகில் போகலாம், அள்ளிக் குடிக்க இயலாது.

இனி, வீடுகளைப் பற்றி ஒரு சொல். மாத வாடகையைவிட நாள் வாடகை லாபமானால், வீட்டுக்காரர் எதைத் தேர்வார்? மாடியில் முன்பு ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம் குடியிருந்ததாம். விருந்தினருக்காக அவர்களைக் காலி செய்யச் சொன்னதை அம்மையார் சற்றே தயங்கித்தான் சொன்னார். மகளின் கல்லூரிச் செலவுக்கு அந்த வருமானம் வேண்டியிருந்தது. அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. அந்த வாடகையைக் கொடுத்தவன் நான்தானே.

அரசும் நீதிமன்றமும் வாளாவிருக்கவில்லை. மலைப்பகுதிக் கட்டடங்களைக் கட்டுப்படுத்த 1993இல் விதிகள் வந்தன. சரிவை வெட்டிக் கட்டுவதன் ஆபத்தை 2009 நவம்பர் உணர்த்தியது. அந்தப் பெருமழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் மின்-அனுமதி பெற வேண்டியதாயிற்று. 2025 கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என நாளொன்றுக்கு வரம்பும் கட்டப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோரை இது தடுக்கவில்லை. எனினும் பிழைப்புக் கெடும் என்று வணிகர்கள் கடையடைத்தார்கள். அவர்கள் அச்சமும் பொய்யன்று. ஆனால் அனுமதிச் சீட்டு வாகனத்தைத்தான் எண்ணுகிறது. ஊரில் எத்தனை குடம் நீர் இருக்கிறது என்று எண்ணுவதில்லை. வரம்பு வகுப்போர் நீர்த்தேக்கத்தின் மட்டத்தையும் பார்த்து வகுத்தால் என்ன என்பது என் கருத்து.

மற்ற மூன்று நாளும் நான் ஒரு வாளி நீரில் குளித்தேன். அதைப் பெரிய தியாகமாக எண்ணிக்கொண்டதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. நான் புறப்பட்ட காலையில், அடுத்த குடும்பத்தின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வழி கேட்டு ஒலி எழுப்பியபடி, அதே தண்ணீர் லாரி.