முடிவை ஏற்க மறுத்த இரசிகர்

கதையை முடிக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. அம்முடிவை ஏற்றுத்தான் ஆகவேண்டுமென்ற கடமை வாசகருக்கு உண்டோ? கொனன் டொயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்சை 1893 இல் அருவியில் வீழ்த்தி முடித்தார். வாசகர் பொறுத்தாரல்லர். 1903 இல் ஹோம்ஸ் உயிருடன் மீண்டார். அத்தகைய வழக்கொன்று நம் காலத்தில் கணினி விளையாட்டொன்றைக் குறித்தும் எழுந்தது.

கனடாவின் எட்மன்டன் நகரத்துப் பயோவெயர் நிறுவனம் 'மாஸ் எபெக்ட்' என்னும் விண்வெளிக் கதை விளையாட்டை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. ஆடுபவரே ஷெப்பேட் என்னும் படைத்தலைவராகி, பேசும் சொல்லையும் செய்யும் செயலையும் தெரிவுசெய்வார். முதற் பாகத்தில் செய்த தெரிவின் விளைவு மூன்றாம் பாகத்திலும் தொடரும். பகைவரோ 'ரீப்பர்' எனும் இயந்திர இனத்தார். ஐம்பதினாயிரம் ஆண்டுக்கொருமுறை வந்து, முன்னேறிய உயிரினங்களை அறுவடை செய்வோர். அவர்தம் கொடிய படைக்கலம் மனமயக்கு. மயக்குண்டவர், பகைவரின் எண்ணத்தைத் தம் எண்ணமென்றே நம்புவர்.

இறுதிப் போர் லண்டனில் நிகழ்கிறது. ஒளித்தூணை நோக்கி ஓடும் ஷெப்பேட்டைப் பகைவரின் கதிர் தாக்குகிறது. குருதி வடிய எழுந்து விண்நிலையத்தை அடையும் அவர்முன், சிறுவன் வடிவிற் தோன்றும் ஓர் அறிவு மூன்று வழிகளைக் காட்டுகிறது: பகைவரை அழித்தல், ஆளுதல், உயிரும் இயந்திரமும் ஒன்றாய்க் கலத்தல். எதைத் தெரிந்தாலும் பின்வரும் காட்சிகள் பெரும்பாலும் நிறத்தாலேயே வேறுபட்டன. ஐந்தாண்டுகள் ஆராய்ந்து தெரிவு செய்தவர்கள் ஏமாற்றமடைந்தனர்.

அவ்வேமாற்றத்திற் பிறந்ததே 'மனமயக்குக் கொள்கை'. கதிர் தாக்கியபின் நிகழ்ந்தவை யாவும் ஷெப்பேட்டின் மனத்துள் நிகழ்ந்த மயக்கமே என்றனர் இரசிகர். சான்றுகளும் காட்டினர். தொடக்கத்தில் அச்சிறுவன் மீட்புக் கலத்தில் ஏறுகையில் எவரும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. கனவிற் கண்ட செடிகள் ஒளித்தூணின் அருகிலும் உள்ளன. கைத்துப்பாக்கியிற் குண்டு தீர்வதேயில்லை. அழித்தலைத் தெரிந்து போதிய படைவலிமையும் திரட்டியிருந்தால், இடிபாடுகளிடையே ஒருவர் மூச்செடுக்கும் காட்சி தோன்றுகிறது.

பழைய உரையாசிரியரின் நுணுக்கத்துக்கு இது குறைந்ததன்று. ஆயினும் 2012 யூனில் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட விரிவாக்கம் முடிவுகளை விளக்கி, மூன்றையும் மறுக்கும் நான்காம் வழியைச் சேர்த்ததேயன்றி, இக்கொள்கையை ஏற்கவில்லை. இது முற்றிலும் இரசிகரின் படைப்பே என்று கதை எழுதியோருள் ஒருவர் 2021 இற் கூறினார்.

எனின், இரசிகர் செய்தது வீண்வேலையோ? அன்று. வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினாவொன்று உண்டு: "ஐயா, புலவர் இதையெல்லாம் நினைத்தா எழுதினார்?" புலவர் நினையாததும் நூலில் இருத்தல் கூடும் என்பதே நமது விடை. ஆனால் எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். 'காண்பதெல்லாம் மயக்கம்' என்னும் கொள்கையை எச்சான்றாலும் மறுத்தல் இயலாது. எதிர்ச்சான்றும் மயக்கத்தின் பகுதியென்று கூறிவிடலாமன்றோ? மறுக்கவியலாமை வலிமையன்று, அதுவே அதன் குறை. தாம் விரும்பியதையே உண்மையென நம்பும் மயக்கம் ஷெப்பேட்டை மட்டுமன்றி, அவரைக் காக்க முனைந்தோரையும் பற்றியிருக்கலாம்.

அம்மயக்கத்திலும் ஒரு மேன்மை இருந்தது. முடிவை மாற்றக் கோரிய இரசிகர், மருத்துவமனைகளிலுள்ள சிறுவர்க்கு விளையாட்டுப் பொருள் வழங்கும் அறநிலையத்துக்கு 80,000 டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். இல்லாத வீரரொருவருக்காக எழுந்த சினம், இருக்கும் குழந்தைகளுக்கு உதவியாயிற்று. மாணவச் செல்வங்களே, நூலை அவர்களைப்போல் ஊன்றிப் படியுங்கள். கண்ட பொருள் நூலின் பொருளோ, நும் விருப்பத்தின் பொருளோ என்று ஒருமுறை நும்மையே வினவுங்கள்.