எனக்குப் பிடிக்கும்

பிறமொழி பயிலப் புகுவோர் முதற்கண் நாடும் சொற்களுள் விருப்பத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்று. உண்ட உணவைப் பற்றியோ, கேட்ட இசையைப் பற்றியோ பேசவேண்டுமெனில் அஃதின்றி இயலாது. இத்தாலிய மொழியில் அவ்வினைச்சொல் 'பியாச்சேரே' என்பதாகும். ஆங்கிலத்தின் துணைகொண்டு அம்மொழியைக் கற்கும் மாணாக்கர் பலர் இடர்ப்படும் இடமும் அதுவே.

காரணம் யாது? ஆங்கிலத்தில் விரும்புகிறவன் எழுவாய், விரும்பப்படுவது செயப்படுபொருள். 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்பது அதன் அமைப்பு. அவ்வமைப்பையே பின்பற்றி, 'நான்' என்னும் பொருளுடைய 'இயோ' என்பதை முன்னிறுத்தி, 'இயோ பியாச்சோ' எனத் தொடங்கினால் பொருளே மாறிவிடும். 'என்னைப் பிறருக்குப் பிடிக்கிறது' என்பதன்றோ அதன் கருத்து!

இத்தாலியர் கூறுவது 'மீ பியாச்சே இல் கஃபே' என்பதே. 'மீ' என்றால் எனக்கு; 'பியாச்சே' என்றால் பிடிக்கும்; 'இல் கஃபே' என்பது காப்பி. ஆங்கில வழியில் வந்தவர்க்குத் தலைகீழாகத் தோன்றும் இவ்வாக்கியம் நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிப்பதன்றோ? எனக்கு என்பதற்கு 'மீ', உனக்கு என்பதற்கு 'தீ', நமக்கு என்பதற்கு 'ச்சீ' என மனத்திற் கொண்டால் பாதி வேலை முடிந்தது. பெயரைச் சுட்டும்போது நாம் நான்காம் வேற்றுமை உருபைப் பின்னே சேர்த்து 'மரியாவுக்கு' என்போம்; அவர்கள் முன்னே சேர்த்து 'அ மரியா' என்பர்.

எனினும், முற்றிலும் நம் வழக்கையே நம்பிவிடலாகாது. ஒரு நூலாயினும் பல நூல்களாயினும் நாம் 'பிடிக்கும்' என்றே சொல்வோம். இத்தாலிய மொழியிலோ, பிடித்த பொருளே எழுவாயாதலின் வினை அதனோடு இயைந்து மாறும். ஒரு நூலெனில் 'மீ பியாச்சே இல் லீப்ரோ'. பல நூல்களெனில் 'மீ பியாச்சொனோ இ லீப்ரி'. இறந்த காலத்தில் பாலும் நோக்கவேண்டும். அம்மொழியில் நூல் ஆண்பால்; பாடல் பெண்பால். ஆகவே, நூல் பிடித்திருந்தால் 'மீ எ பியாச்சூத்தோ'. பாடல் பிடித்திருந்தால் 'மீ எ பியாச்சூத்தா'. ஆளைக் குறிக்கும்போது நாம் 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என இரண்டாம் வேற்றுமையைக் கொள்வோம். அங்கோ 'நீ' என்பதே எழுவாய். அதற்கேற்ப வினை திரிந்து 'மீ பியாச்சி' என வரும்.

வடபுலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வியைபும் புதிதன்று. நாடகம் பிடித்திருந்தால் 'முஜே நாட்டக் பஸந்த் ஆயா' என்றும், நூல் பிடித்திருந்தால் 'முஜே கிதாப் பஸந்த் ஆயீ' என்றும் இந்தியில் அவர்கள் தடையின்றிப் பேசுகின்றனர். வேற்றுமையைத் தமிழும், பொருளுக்கேற்ப வினை மாறும் முறையை இந்தியும் அவர்களுக்கு முன்னரே கற்பித்துவிட்டன.

1680-ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, 'தேம்பாவணி' பாடி, 1732-இல் 'சதுரகராதி' தொகுத்த வீரமாமுனிவரை நாம் அறிவோம். அங்கிருந்து இங்கு ஒருவர் வந்த வழியே இங்கிருந்து அங்குச் செல்ல நம் இளைஞர்க்கும் இயலும்.

அயல்மொழி கற்கும் பிள்ளைக்குத் தாய்மொழி சுமையாகும் என்றெண்ணி, வீட்டிலும் ஆங்கிலமே பேசும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம். 'ஐ லைக்' என்பதை மட்டும் அறிந்த குழந்தைக்கு 'மீ பியாச்சே' ஒரு புதிர்; 'எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லி வளர்ந்த குழந்தைக்கோ அது பழகிய குரல். நம் இல்லங்களில் உணவு பரிமாறும்போது, 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று தமிழிலேயே கேட்போமாக. அவ்வொரு வினாவில் ஓர் இலக்கணமே அடங்கியுள்ளது.