கலைக்கூடமும் ஊர்க்கடனும்

தொழில் செய்து வாழும் ஒவ்வொருவரும் இரண்டு கடன்களோடு வாழ்கின்றனர். முதற்கடன், அத்தொழிலைக் கற்றுத் தந்தவர்க்கும், உடன் செய்பவர்க்கும், பின்னர்க் கற்க வருபவர்க்கும் உரியது. இரண்டாவது கடன், அத்தொழில் நடைபெற இடமும் வாழ்வும் தந்த ஊருக்கு உரியது. கடையில் வாங்கிய கடனுக்குக் கணக்கு உண்டு. கேட்டு வாங்கக் கடன்காரர் உண்டு. இவ்விரு கடன்களுக்கோ ஏடும் இல்லை; கெடுவும் இல்லை. ஆதலால் இவற்றை மறந்துவிடுதல் மிக எளிது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்து ஈகை என்னும் அதிகாரம் வருகிறது. இரண்டும் வெவ்வேறாக வைக்கப்பட்டமை கருதத்தக்கது. ஈகை என்பது இல்லாதவர்க்கு இரங்கித் தருவது. ஒப்புரவு என்பது தாம் வாழும் உலகிற்குச் செய்யவேண்டிய கடமையை உணர்ந்து செய்வது. ஈபவர் மேலே நிற்க, ஏற்பவர் கீழே நிற்கலாம். ஒப்புரவில் அந்த உயர்வு தாழ்வு இல்லை. கலைத்தொழில் செய்யும் நிறுவனம் ஒன்று தன் தொழிலாளருக்கும் தன் ஊருக்கும் ஆற்றக்கூடிய பணி யாது என்பதனை இந்த ஒப்புரவு நோக்கில் காண்பது பயனுடையதாகும்.

கலைத்தொழில் நிறுவனம் எனும்போது ஈண்டுக் கருதுவது விளம்பரக் கூடங்களையும் வடிவமைப்புக் கூடங்களையுமே. சுவரொட்டி, நூலின் மேலட்டை, பொருளைப் பொதியும் பெட்டி, கடையின் பெயர்ப்பலகை, நிறுவனத்தின் சின்னம் ஆகியவற்றை இவர்கள் ஆக்கித் தருகின்றனர். இவர்களுடைய தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தச்சர் செய்த நாற்காலி அதனை வாங்கியவர் வீட்டிற்குள் கிடக்கும். விளம்பரக் கலைஞர் செய்ததோ தெருவெங்கும் நிற்கும்; வேண்டுமென்று கேளாதவர் கண்ணிலும் படும். கூலி தருபவர் ஒருவர். அதனைக் காண்பவர் ஊரார் அனைவரும். ஆகவே ஏனைத் தொழிலாளரைக் காட்டிலும் இவர்களுடைய ஊர்க்கடன் பெரிதாகிறது.

இக்கடனை நன்கு அறிந்து வாழ்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க நாட்டின் மில்டன் கிளேசர் என்னும் வடிவமைப்புக் கலைஞர். இவர் 1929-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தையற்கடை நடத்தி வந்தவர். மகனைச் செல்வர் பயிலும் கல்லூரிக்கு அனுப்பும் வசதி அக்குடும்பத்திற்கு இல்லை. ஆயின் அந்நகரில் கூப்பர் யூனியன் என்றொரு கல்லூரி இருந்தது. பீட்டர் கூப்பர் என்னும் தொழிலதிபர் 1859-இல் நிறுவிய அக்கல்லூரியில், கிளேசர் பயின்ற காலத்தில் மாணவரிடம் கட்டணம் வாங்கும் வழக்கம் இல்லை. தகுதி உடையவர் சேரலாம், பணம் கேட்கப்படாது. கிளேசர் அங்கே பயின்று 1951-இல் தேர்ச்சி பெற்றார். ஊர் அவருக்குத் தந்த முதற்பொருள் கல்வியே.

கல்லூரித் தோழர்களான சீமோர் குவாஸ்ட், எட்வர்டு சொரல், ரெய்னால்டு ரஃபின்ஸ் ஆகியோருடன் இணைந்து 1954-இல் புஷ் பின் ஸ்டுடியோஸ் என்னும் கூடத்தைக் கிளேசர் தொடங்கினார். இளைஞர் சிலர் கூடித் தொடங்கிய இச்சிறு கூடம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. 1970-இல் பாரிஸ் மாநகரின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இவர்களுடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவர்கள் வெளியிட்டு வந்த புஷ் பின் கிராஃபிக் என்னும் இதழ், கூடத்தின் திறமையைக் காட்டி வேலை தேடும் நோக்கத்தோடு பிறந்தது என்பது உண்மையே. எனினும் அது அவ்வளவில் நின்றுவிடவில்லை. 1969-இல் குவாஸ்ட் ஆக்கிய ஓர் இதழ், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிக் கொலையுண்டவர்களைப் பற்றியதாக அமைந்தது. துப்பாக்கிக் குண்டு துளைத்ததுபோல் அவ்விதழின் தாள்களில் ஒரு துளை இடப்பட்டிருந்தது. ஏட்டைப் புரட்டுபவர் ஒவ்வொரு பக்கத்திலும் அத்துளையைக் காணாமல் இருக்க இயலாது. பொருளை விற்கப் பயின்ற கை, மனச்சான்றைத் தொடவும் வல்லது என்பதனை உடன்தொழிலாளர்க்கு அவ்விதழ் உணர்த்தியது.

இனி ஊர்க்கடனைக் காண்போம். 1970-ஆம் ஆண்டுகளின் நடுவில் நியூயார்க் நகரம் பெருந்துன்பத்தில் ஆழ்ந்தது. தொழிற்சாலைகள் வெளியேறின. 1970-க்கும் 1980-க்கும் இடையே எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள்தொகையை அந்நகரம் இழந்தது. 1975-இல் நகராட்சி, வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாமல் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான காவலரும் ஆசிரியரும் பிற ஊழியரும் வேலையிழந்தனர். அவ்வாண்டில், வேலைநீக்கத்தை எதிர்த்த காவலர், தீயணைப்போர் முதலானோரின் சங்கங்கள், நகருக்கு வரும் பயணிகளை எச்சரிக்கும் சிறு வெளியீடு ஒன்றை அச்சிட்டன. அதன் அட்டையில் மண்டையோடு ஒன்று காணப்பட்டது. நியூயார்க் அச்ச நகரம் என வருணிக்கப்பட்டிருந்தது. 1977-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் இரவு நகரெங்கும் மின்சாரம் நின்றபோது பல தெருக்களில் கடைகள் கொள்ளையிடப்பட்டன. நகரத்தைக் குறித்து உலகம் கொண்டிருந்த எண்ணம் எத்தகையது என்பதை இவற்றால் உணரலாம்.

அதே 1977-இல் நியூயார்க் மாநில அரசின் வணிகத்துறை, பயணிகளை மீண்டும் வரவழைக்கும் பொருட்டு விளம்பர முயற்சி ஒன்றை மேற்கொண்டது. அம்முயற்சியின் பொறுப்பை வெல்ஸ் ரிச் கிரீன் என்னும் விளம்பர நிறுவனம் ஏற்றது. சின்னம் ஒன்று வரைந்து தருமாறு கிளேசர் கேட்டுக்கொள்ளப்பட்டார். அப்போது அவர் தமக்கெனத் தனியே ஒரு கூடம் அமைத்திருந்தார். அவர் முதலில் தந்த வடிவத்தை அரசு ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்தது என்று வேறொருவர் இருந்திருப்பார். சில நாட்களுக்குப் பின் டாக்சியில் செல்லும்போது அவர் உள்ளத்தில் வேறொரு வடிவம் தோன்றியது. கையிலிருந்த உறை ஒன்றின்மீது சிவப்பு வண்ணக்கோலால் அதனைக் குறித்துக்கொண்டார். பின்னர், வணிகத்துறையின் துணை ஆணையர் வில்லியம் டாயிலை அழைத்து, ஏற்ற வடிவத்தை மாற்றவேண்டும் என்று வற்புறுத்தினார். முடிந்துபோன ஒன்றை மீண்டும் தொடங்குவதற்கு அதிகாரிகளுக்கு மனமில்லை. எனினும் புதிய படத்தைக் கண்டபின் ஒப்பினர்.

‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்து ஒன்று. அடுத்துச் சிவந்த இதயப்படம். அதன் கீழ் நகரின் பெயரைக் குறிக்கும் ‘என்’, ‘ஒய்’ என்னும் இரண்டு எழுத்துகள். நான் நியூயார்க்கை நேசிக்கிறேன் என்பது இதன் பொருள். இதன் ஆற்றல் எங்கே உள்ளது? முதலெழுத்து ஒரு முழுச்சொல்லாக நிற்கிறது. இதயம் ஓர் உணர்ச்சியைக் குறிக்கும் படமாக நிற்கிறது. இறுதி எழுத்துகள் ஓர் ஊர்ப்பெயரின் சுருக்கமாக நிற்கின்றன. சொல், படம், சுருக்கம் என்னும் மூன்றையும் காண்பவர் தாமே இணைத்துப் படிக்கவேண்டும். தாமே இணைத்துப் படித்ததனால் அது அவருடைய சொந்தக் கூற்றாகிறது. வா என்று அழைக்கும் விளம்பரமாக அது தோன்றவில்லை. ஊரார் ஒருவரின் வாக்குமூலமாகத் தோன்றியது. மாநிலம் முழுமைக்கும் வரையப்பட்ட சின்னத்தை நகரமக்கள் தம்முடையதென்றே எடுத்துக்கொண்டமைக்கு இதுவே காரணம்.

இதற்குக் கிளேசர் கூலி பெறவில்லை. சில மாதங்கள் நடைபெற்று மறையும் முயற்சி என்றே அவர் எண்ணியிருந்தார். சின்னத்தின் உரிமை மாநில அரசினிடம் நின்றது. அதனைப் பொறித்த சட்டைகளும் கோப்பைகளும் உலகெங்கும் விற்பனையாகி, அரசுக்கு உரிமைத்தொகையும் வந்தது. உறையில் கிறுக்கிய முதற்படம் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு படத்தால் நகரம் பிழைத்தது என்று கூறுதல் மிகையாகும். தொழிற்சங்கங்களின் ஓய்வூதிய நிதிகள் நகராட்சியின் கடன்பத்திரங்களை வாங்கின. நடுவணரசு கடன் தந்தது. வேலையிழந்த ஊழியர்களும், 1976 முதல் கட்டணம் செலுத்த நேர்ந்த நகரப் பல்கலைக்கழக மாணவர்களும் அதன் சுமையைத் தாங்கினர். சின்னம் செய்த பணி வேறு. தம் ஊரைக் குறித்து நாணியிருந்த மக்களுக்கு, வெளிப்படையாய்ச் சொல்லத்தக்க ஒரு நல்ல சொல்லை அது தந்தது.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் உலக வணிக மையக் கோபுரங்கள் தாக்கப்பட்டு அங்கே 2,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது எழுபத்திரண்டு வயதை எட்டியிருந்த கிளேசர், தம் பழைய சின்னத்தை மீண்டும் கையில் எடுத்தார். முன்னெப்போதினும் மிகுதியாக நேசிக்கிறேன் என்னும் பொருள்பட அதனை விரித்தெழுதினார். இதயத்தின் கீழ்விளிம்பில், மன்ஹாட்டன் தீவில் கோபுரங்கள் நின்ற இடத்தை நினைவூட்டும் வகையில், ஒரு சிறு கருகலை இட்டார். நகரின் டெய்லி நியூஸ் நாளிதழ் அதனை வெளியிட்டது. ஓவியக் கல்லூரி மாணவர் அதன் சுவரொட்டிகளைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றனர். புண்பட்டதனை மறைத்து ஆறுதல் கூறாமல், புண்ணையும் காட்டி அன்பையும் காட்டியமையால் அது மக்கள் உள்ளத்தைத் தொட்டது.

அச்சுவரொட்டியை மாணவர்கள் சுமந்து சென்றது தற்செயலன்று. நியூயார்க்கின் காட்சிக்கலைக் கல்லூரியில் கிளேசர் 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து வந்தார். வேலை மிகுந்து, புகழும் மிகுந்த பின்னரும் அவர் வகுப்பறையை விடவில்லை. கட்டணமின்றிக் கற்ற கல்வியைப் பிறர்க்குக் கற்பித்தே திருப்பித் தந்தார் எனலாம்.

மாணவரிடத்தும் உடன்தொழிலாளரிடத்தும் அவர் வைத்த வினாக்களும் குறிப்பிடத்தக்கவை. தாந்தேயின் காவியத்திற்குப் படம் வரைந்த காலத்தில், நரகத்திற்குச் செல்லும் வழி என்னும் பெயரில் பன்னிரண்டு படிகளை அவர் வகுத்தார். முதற்படி மிகச் சிறியது: உள்ளிருக்கும் பொருள் பெரிதெனத் தோன்றுமாறு ஒரு பெட்டியை வடிவமைப்பீரா என்பது. இடையில் ஒரு படி: சர்க்கரை மிகுந்து சத்துக் குறைந்த தின்பண்டத்திற்குக் குழந்தைகளைக் கவரும் உறை செய்வீரா என்பது. இறுதிப்படி: தொடர்ந்து பயன்படுத்துவோர்க்கு மரணம் நேரக்கூடிய பொருளுக்கு விளம்பரம் செய்வீரா என்பது. முதற்படியில் கால் வைத்தவர் எப்படியில் நிற்பார் என்பதே வினா. ஒரு தொழிலார்க்கு ஒருவர் தரக்கூடிய பொருள்களுள் பணத்தினும் சிறந்தது இத்தகைய வினா.

ஈண்டு இரண்டு தடைகள் எழலாம். ஒன்று: நிறுவனங்கள் செய்யும் பொதுப்பணி தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொள்ளும் சூழ்ச்சி அன்றோ? சில இடங்களில் அவ்வாறே ஆகிறது. அதனை அறிய ஓர் அளவுகோல் உண்டு. செய்த பணியைக் காட்டிலும், செய்ததாகக் கூறும் செலவு மிகுதியாயின் அது ஒப்புரவன்று, வாணிகமே. கிளேசரின் சின்னத்தில் அவர் பெயர் இல்லை. அதனை அணிந்து திரிந்த கோடிக்கணக்கானோரில் வரைந்தவரை அறிந்தவர் சிலரே.

மற்றொன்று: பெரியவர் கூலியின்றி உழைத்தால், எளியவரும் அவ்வாறே உழைக்கவேண்டும் என்று கேட்கப்படாரோ? இது உண்மையான இடர். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞரிடம், பெயர் கிடைக்கும் என்று ஆசை காட்டி இலவசமாக வேலை வாங்குவோர் உளர். அது ஒப்புரவின் பெயரால் நடக்கும் சுரண்டல். கொடை என்பது உடையவர் தாமே விரும்பித் தருவது. இல்லாதவரிடம் கேட்டுப் பறிப்பதன்று. நகரின் பொருட்டுக் கூலி வேண்டாத கிளேசர், வாணிக நிறுவனங்களுக்குச் செய்த பணிக்குக் கூலி பெற்றே வாழ்ந்தார். தன் ஊழியர்க்கு உரிய ஊதியத்தைத் தராத ஒரு கூடம், ஊருக்கு இலவசமாகச் சுவரொட்டி வரைந்து தருவதில் பெருமை இல்லை. முதற்கடனை அடைத்தபின்பே இரண்டாங்கடனை அடைக்கப் புகுதல் முறை.

கிளேசர் 2020-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், தம் தொண்ணூற்றொன்றாவது பிறந்தநாளில் காலமானார். 2023-இல் நகருக்கெனப் புதிய சின்னம் ஒன்று அவருடைய வடிவத்தைத் தழுவி வெளியிடப்பட்டபோது, பழையதே நன்று என்று பலர் வெகுண்டு எழுதினர். அரசு வெளியிட்ட ஒரு விளம்பரத்திற்காக மக்கள் இவ்வாறு வாதிடுவது அரிது. கொடுக்கப்பட்ட பொருள் கொடுத்தவரை விட்டு நீங்கி, ஏற்றவரின் சொந்தப் பொருளாகிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

ஓவியமோ, எழுத்தோ, பொறியியலோ, மருத்துவமோ, எத்தொழிலை மேற்கொள்ளப்போகும் மாணவரும் தம்மை இரண்டு வினாக்கள் கேட்டுக்கொள்ளுதல் நன்று. எனக்குப் பின் இத்தொழிலுக்கு வருபவர்க்கு யான் எதனைக் கற்பித்துச் செல்வேன்? என் ஊர் துன்புறும் நாளில் என் கைத்தொழில் அதற்கு எவ்வாறு உதவும்? விடை உடனே வாராது. ஆயினும் தொழிலைக் கற்கும் காலத்திலேயே இவ்வினாக்களையும் உடன் கற்றவர், பொருள் ஈட்டும் காலத்தில் அவற்றை மறப்பது அரிது.